ஊசியைக் கண்டால் சாய்ந்துவிடும் மண்டோர்: ஒரு செம்பனைத் தோட்டப் பட்டணத்து நிகழ்வு ஆய்வு

இதை எழுதுவதற்கு முன் அந்த மண்டோரிடமும் (தோட்ட மேற்பார்வையாளர்) அவர் மகளிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை, அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் பதிவு பெற்ற உளவள ஆலோசகர், சனிக்கிழமைகளில் அந்தப் பட்டணத்துக்குப் போய் வருகிறேன். மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே வரும் முடிவுகள் எல்லாம் கிளினிக் டாக்டர் எடுத்தவை.

பின்னணி

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தென்பகுதி, தெலுக் இந்தான் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்னப் பட்டணம். இரண்டு வரிசைக் கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், ஓர் அரசாங்கக் கிளினிக், மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. பெரியவர்களைக் கேட்டால் இதெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம், என்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் கிளினிக்கில் இருக்கும் மருத்துவ உதவியாளரை இன்னும் டிரஸர் என்றும் தாதியரை மிஸ்ஸி என்றும்தான் கூப்பிடுகிறார்கள்.

அவருக்கு வயது 52. பதினெட்டு வயதில் பழம் வெட்டப் போனவர், இப்போது மண்டோர். மரத்தடியில் நாகப்பாம்பு கிடந்தால் மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கம்பால் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து 9 வருஷம். மாத்திரை வாங்குவார், சில மாதம் ஒழுங்காகச் சாப்பிடுவார், ரத்தம் எடுக்கும் தேதி நெருங்கினால் கிளினிக் பக்கமே போக மாட்டார். அட்டையைப் புரட்டிப் பார்த்தபோது 4 வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை.

பயம் எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியும். ஒன்பது வயதில் அம்மா பால் வெட்டும்போது கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அப்பாவைக் கேட்டால் அவரும் அப்படித்தான், ஊசி போட்டால் கண் இருண்டு விழுவாராம். அப்புறம் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வீட்டார் பால்குடம் எடுக்கும்போது இவர் அன்னதானச் சமையலில் போய் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்துவிடுவார். அலகு குத்தும் பக்கம் தலையைத் திருப்பினாலே சாய்ந்துவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். 2021-ல் பள்ளி மண்டபத்தில் கோவிட் தடுப்பூசி போட்டபோது வரிசையில் நின்றபடியே விழுந்தார். இரண்டாவது ஊசிக்குப் போகவில்லை.

"பாம்பையே ஒதுக்குற ஆளு, ஊசிக்குச் சாயுறாரு பாரு" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்களாம். முதல் நாள் என்னிடம் பேசிய அரை மணி நேரத்தில் இதை மூன்று தடவை சொன்னார். நோயைவிட அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளினிக்கிலிருந்து தள்ளி வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

2023 ஜனவரி: முள் குத்திய கால்

பூட்ஸைத் தாண்டி ஒரு செம்பனை முள் இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே குத்தியது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. மனைவி மஞ்சள் வைத்துக் கட்டினார். மூன்று வாரம் கழித்து வாடை வந்ததை மகள்தான் கவனித்தாள், மோட்டாரில் உட்கார வைத்துக் கிளினிக்குக் கூட்டிவந்தாள்.

விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை லிட்டருக்கு 22.4 மில்லிமோல். குத்திய கையோடு நாற்காலியிலிருந்து சரிந்தார். படுக்க வைத்து எடுத்த ரத்தத்தில் 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 12.1 விழுக்காடு. இந்த நிலையில் புண் ஆறாது, மாத்திரையும் உச்ச அளவில் இருக்கிறது, இனி இன்சுலின்தான் என்று டாக்டர் சொன்னார். "மாத்திரை எத்தனை வேணும்னாலும் குடுங்க டாக்டர், ஊசி மட்டும் வேணாம்" என்று இவர் எழுந்து போய்விட்டார்.

மயக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் டாக்டர் பார்த்தார். இனிப்பு நீர்க்காரர் விழுந்தால் சர்க்கரை தாழ்ந்து விழுந்தாரா, இதயத்தில் கோளாறா என்று பார்க்காமல் பயம் என்று எழுதிவிட முடியாது. இசிஜி சரியாக இருந்தது, விழும்போதெல்லாம் சர்க்கரை உயர்ந்தே இருந்தது, எல்லா மயக்கமும் ஊசியோ ரத்தமோ காயமோ கண்ணில் பட்ட நேரத்தில்தான் வந்திருந்தது. அதன் பிறகுதான் என்னிடம் அனுப்பினார்.

வீட்டில் அதுவே ஒரு சண்டையானது. "மனசு டாக்டர்கிட்டயா? தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பப் போறீங்களா?" என்று மனைவி அழுதார். பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அங்கே 1911-ல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கிறது, ஊர்ப் பேரைச் சொன்னாலே பைத்தியம் என்று அர்த்தம் ஆகிப்போன காலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நான் அந்த அம்மாவிடம் சொன்னது இதுதான்: அண்ணனுக்குப் புத்தியில் கோளாறு எதுவும் இல்லை, ஒரே ஒரு விஷயத்துக்கு அவர் உடம்பு அளவுக்கு மீறிப் பதறுகிறது, அந்த ஒன்றை மட்டும் பழக்கப் போகிறோம், மாத்திரைகூடத் தேவைப்படாமல் போகலாம்.

முதல் முடிவு: காத்திருக்க வேண்டாம்

பயத்தைச் சரிசெய்துவிட்டு இன்சுலின் ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தால் கால் போயிருக்கும். எனவே இரண்டையும் சேர்த்தே நடத்துவது என்று டாக்டரும் மிஸ்ஸியும் நானும் முடிவு செய்தோம். இரவு 10 யூனிட் இன்சுலினை, அவர் படுத்துக் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்போது மகள் போட்டுவிட வேண்டும். மிஸ்ஸி அவளுக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்தார். பேனா ஊசியின் நீளம் வெறும் 4 மில்லிமீட்டர். அதை அண்ணனிடம் சொன்னேன், அவருக்கு அந்த அளவு ஒரு ஆறுதலும் தரவில்லை.

இதில் ஒரு குறை இருப்பது தெரிந்தேதான் செய்தோம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் கையை நம்பியிருப்பது பயத்தை அப்படியே பத்திரமாக வைத்திருக்கும். அதோடு மகளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் ஊசி நின்றுவிடும். முதல் மாதத்திலேயே 9 இரவு தவறியது. ஆனாலும் புண்ணுக்கு அந்த நேரத்தில் வேறு வழி இல்லை.

முதல் மூன்று சந்திப்புகள்: நான் செய்த தவறு

தைப்பூசம் முடிந்து பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தோம். குறிப்பிட்ட ஒன்றின் மேல் வரும் இப்படிப்பட்ட பயத்தை 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற, மனநோய்களை வகைப்படுத்தும் நூல் விலங்கு, இயற்கைச் சூழல், ரத்தம்-ஊசி-காயம், விமானம், லிஃப்ட் போன்ற சூழ்நிலைகள், மற்றவை என்று பிரிக்கிறது. 6 மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால்தான் அதை நோய் என்று சொல்வார்கள். இவருக்கு 40 வருஷத்துக்கு மேல். அட்டையில் மூன்றாவது வகை என்று எழுதினேன். எழுதியும் மற்ற வகைகளுக்குச் செய்கிற அதே சிகிச்சையைத்தான் தொடங்கினேன்.

எனக்குத் தெரிந்த வழி அது. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1950-களில் வகுத்த முறை: முதலில் உடம்பைத் தளர்த்தக் கற்றுக்கொடு, அப்புறம் பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவா. அதற்கும் முன்னால், 1924-லேயே, முயலுக்குப் பயந்த ஒரு சின்னப் பையனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டே முயலைப் படிப்படியாக நெருங்கவைத்து மேரி கவர் ஜோன்ஸ் எழுதிய குறிப்பு இருக்கிறது. நாய்க்குப் பயந்த ஒரு அக்காவுக்கும் லிஃப்டில் ஏறவே மாட்டேன் என்ற ஒரு பையனுக்கும் நான் இதைச் செய்து நன்றாக வேலை செய்திருந்தது.

அதனால் மூச்சை மெல்ல இழுத்து விடவும், தோளையும் கையையும் காலையும் தளர்த்தவும் இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தேன். நல்லா இருக்குது மிஸ், தூக்கம் வருது என்றார். மூன்றாவது சனிக்கிழமை, சாய்வு நாற்காலியில் நன்றாகத் தளர்ந்து உட்கார்ந்திருந்தவருக்குக் கைத்தொலைபேசியில் ரத்தம் எடுக்கும் ஒரு சின்னக் காணொளியைக் காட்டினேன். ஒரு கொட்டாவி விட்டார். தூக்கம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். இன்னொரு கொட்டாவி. உதடு வெளுத்தது. முன்பக்கம் அப்படியே சரிந்தார், நெற்றி மேசை ஓரத்தில் இடித்தது. பத்து, பதினைந்து நொடியில் கண் திறந்து நெற்றியைத் தடவினார், விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தார், மறுபடியும் போய்விட்டார்.

டிரஸர் ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடித்தார். ரத்த அழுத்தம் 84-க்கு 50, நாடி நிமிஷத்துக்கு 48. பயந்தவருக்கு நாடி ஏன் இறங்குகிறது என்று அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

டாக்டர் விளக்கியது

நாய், பாம்பு, உயரம் என்று மற்ற எந்தப் பயத்திலும் நெஞ்சு படபடக்கும், அழுத்தம் ஏறும், அப்படியே ஏறிய நிலையில் நிற்கும். அதனால் "மயக்கம் வந்துடுமோ" என்று பயப்படுகிறவர்கள்கூடப் பெரும்பாலும் விழுவதில்லை. ரத்தம்-ஊசி-காயப் பயத்தில் மட்டும் உடம்பு இரண்டு கட்டமாக நடந்துகொள்கிறது. முதலில் சற்று ஏறி, பிறகு நாடியும் அழுத்தமும் மளமளவென்று இறங்கும், மூளைக்குப் போகிற ரத்தம் குறையும், ஆள் விழுவார். இந்தப் பயம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு தடவையாவது இப்படி விழுந்திருப்பார்கள். குடும்பத்தில் ஓடுவதும் மற்ற வகைகளைவிட இதில் அதிகம்.

சரி, இப்போது நான் செய்ததைப் பாருங்கள். ஏற்கெனவே இறங்கப்போகிற அழுத்தத்தை இன்னும் இறங்கச் சொல்லி இரண்டு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மகளிடம் ஒரு கேள்வி கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது: அப்பா விழுவதற்கு முன் என்ன செய்வார்? அவள் யோசிக்கவே இல்லை. "கொட்டாவி விடுவாரு மிஸ். ரெண்டு கொட்டாவி வந்துச்சுன்னா ஆளைப் பிடிச்சுக்கணும்."

எந்தெந்த வழிகள் இருந்தன, எதை ஏன் எடுத்தோம்

அடுத்த வாரம் அண்ணன், மகள், டாக்டர், நான் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், நெற்றியில் பிளாஸ்டரோடு வந்தார்.

மருந்து பற்றி மகள் கேட்டாள். ஏற்கெனவே ஒரு தனியார் கிளினிக்கில் டயஸெபாம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டு போயும் விழுந்திருக்கிறார். டாக்டரும் வேண்டாம் என்றார். அப்படிப்பட்ட மாத்திரை பதற்றத்தைக் குறைக்கலாம், நாடி இறங்கி வருகிற மயக்கத்தைத் தடுக்காது, தினமும் போடும் ஊசிக்குத் தினமும் போட்டால் பழக்கமாகிவிடும், மாத்திரையின் மந்தத்தில் இருக்கும்போது "என்னால் இதைத் தாங்க முடியும்" என்று உடம்பு கற்றுக்கொள்வதும் இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேறு சில பதற்ற நோய்களுக்கு நன்றாக உதவும். இப்படி ஒரே பொருளின் மேல் வரும் பயத்துக்கு அவற்றை முதலில் தொடுவதில்லை.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு, அதாவது லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்தது, ஒரு மணி நேரத்துக்கு முன் தடவினால் வலி தெரியாது. வலிக்குத்தான் பயம் என்றால் அது போதும். "வலி ஒண்ணுமில்லை மிஸ், முள்ளு குத்தினதே எனக்குத் தெரியலை" என்றார் அண்ணன். அதோடு அதை விட்டோம்.

ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1989-ல் எழுதிய ஒரே அமர்வுச் சிகிச்சை உண்டு, அதிகபட்சம் 3 மணி நேரம் விடாமல் பயத்தை நேருக்கு நேர் பார்க்கவைப்பது. எனக்கு அதில் பயிற்சி இல்லை, காலில் புண்ணோடு விழுந்து எழும் ஆளை வைத்துப் பரிசோதிக்கவும் மனம் வரவில்லை. ஈப்போவுக்குப் போய் மருத்துவ உளவியலாளரைப் பார்க்கலாம் என்பதும் இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் சம்பளம் போகும் என்றார், இங்கே சரிவராவிட்டால் போகலாம் என்று வைத்துக்கொண்டோம்.

முனீஸ்வரர் கோயிலில் கட்டிய கயிறு கையில் இருந்தது. அதை நான் தொடவே இல்லை. அது அவருக்குத் தெம்பு.

கடைசியில் எடுத்தது, அதே ஓஸ்ட், ஸ்டெர்னர் என்பவரோடு சேர்ந்து 1987-ல் எழுதிய தசை இறுக்கும் முறை. செய்வது எளிது. உட்கார்ந்து கை, கால், வயிறு எல்லாவற்றையும் 10 முதல் 15 நொடி இறுக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு விட வேண்டும், ஆனால் தொய்ந்துபோகும் அளவுக்கு விடாமல் சாதாரண நிலைக்கு மட்டும். 20, 30 நொடி கழித்து மறுபடி. இப்படி 5 சுற்று, ஒரு நாளைக்கு 5 வேளை. இறுகிய தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது, அழுத்தம் விழாமல் நிற்கிறது. இதைக் கற்றுக்கொண்ட பிறகு படிப்படியாக ஊசியைப் பார்க்கவைப்பது.

டாக்டர் சில நிபந்தனை போட்டார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் முதல் வாரம் இறுக்கும்போது அழுத்தத்தை அளந்து பார்த்தார். விழித்திரைப் படம் எடுத்து, சிரமப்பட்டால் கசியும் நிலையில் ரத்தக்குழாய் எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். மூச்சைப் பிடிக்கக் கூடாது, புண் இருக்கும் இடது பாதத்தை இறுக்கக் கூடாது. ஊசி போடும் இடத்தை மட்டும் தளர்வாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிக்கும்.

எப்படி இறுக்குவது என்று நான் விளக்கத் திணறிக்கொண்டிருந்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "குலையைக் குத்தித் தூக்கி லோரியில எறியறப்போ உடம்பு இறுகுமே, அதுவா?" என்று கேட்டார். அதுதான். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் குலைகளை வருஷக்கணக்கில் தூக்கி எறிந்த உடம்பு, ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து நாங்கள் அதைத் "தூக்கு" என்றே சொன்னோம்.

ஏப்ரல்: படிகள்

மார்ச் கடைசி வாரம் முழுக்கத் தூக்கு மட்டும். ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஒரு தாளில் படிகளை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் 0-லிருந்து 100 வரை பயத்தின் அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் பிடிப்பது 30. ஸ்பிரிட் பஞ்சின் வாசனை 45, இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூடி திறந்த ஊசி மேசையில் இருப்பது 60. மகள் விரலில் குத்துவதைப் பார்ப்பது 75. தன் விரலில் தானே குத்துவது 85. தானே இன்சுலின் போடுவது 90. கையில் ரத்தம் எடுப்பதைப் பார்ப்பது 95. அலகு குத்துவதைப் பார்ப்பது 100, அந்தப் படியில் ஏற மாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். ஏற வேண்டிய அவசியமும் இல்லை, அடித்துவிட்டோம்.

விதி இரண்டே இரண்டு. கொட்டாவியோ கழுத்தில் குளிர்ந்த வியர்வையோ காது அடைப்பதோ வந்தால் உடனே தூக்கு. பயத்தின் அளவு பாதியாக இறங்கும்வரை அந்தப் படியிலேயே இருப்பது, எழுந்து ஓடுவதில்லை.

சிரிஞ்சைத் தாண்டியதும் எதில் குத்திப் பழகுவது என்று பேச்சு வந்தது. வழக்கமாக ஆரஞ்சுப் பழத்தில் பழக்குவார்கள். அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பச்சைப் பப்பாளிக் காயைக் கொண்டுவந்தார். பேனா ஊசியை நேராகப் பிடித்து, வலது தொடையை இறுக்கிக்கொண்டு காயில் இறக்கினார். எடுத்தபோது அந்தச் சின்னப் புள்ளியிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்து தோலில் ஒரு கோடாக இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா சீவினா இப்படித்தான் வரும்" என்றார். பிறகு தானாகவே இன்னும் ஏழெட்டு இடத்தில் குத்தினார். அன்று அளவு 60-ல் தொடங்கி 20-க்கு வந்தது, கொட்டாவி வரவே இல்லை.

மகள் விரலில் குத்துவதைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மூன்று வாரம் அதே படியில் நின்றோம். ஒரு முறை கொட்டாவி வந்தது, இரண்டு கையாலும் மேசைக் காலைப் பிடித்து இறுக்கினார், முகம் சிவந்து சூடேறியது, அப்படியே உட்கார்ந்து மகள் விரலில் திரண்ட அந்தச் சொட்டைப் பார்த்தார். விழவில்லை. ஒன்பது வயதுக்குப் பிறகு ரத்தத்தைப் பார்த்தும் விழாத முதல் தடவை அது என்று அவர்தான் சொன்னார்.

மே மாதம்

மே இரண்டாவது வாரம், மகளுக்கு இரவு ஷிஃப்ட். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு நானே போடப்போகிறேன், ஆனால் யாரும் வந்து நிற்க வேண்டாம் என்றார். மகனை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து சுற்றுத் தூக்கு போட்டுவிட்டு வயிற்றில் போட்டிருக்கிறார். குத்தியதும் பேனாவை எடுக்காமல் 10 வரை எண்ண வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. பத்தேகாலுக்கு எனக்கு ஒரே வார்த்தையில் தகவல் வந்தது: "போட்டாச்சு."

அதே மாதக் கடைசியில் காலில் புண் மூடியது. மகள் முதல் நாளிலிருந்து போட்ட ஊசியும், ஒரு நாள் விடாமல் கட்டு மாற்றிய மிஸ்ஸியும் இல்லாமல் அது நடந்திருக்காது. நான் செய்தது அதற்குப் பிறகு தொடர்வதற்கான வேலை.

ஆகஸ்டில் ஒரு சறுக்கல்

ரத்தம் எடுக்கப் போன இடத்தில் கூட்டம். அவர் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது, புதிதாக வந்தவர் பார்க்கவில்லை, இவரும் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே, தூக்கு போட நேரம் இல்லாமல் எடுத்தார்கள், விழுந்தார். அடுத்த நான்கு நாள் இன்சுலினும் போடவில்லை.

இறுக்கும் பயிற்சியை ஜூன் மாதத்தோடு விட்டிருந்தார் என்பது விசாரித்தபோது தெரிந்தது. ஊசிதான் போட முடிகிறதே, இனி எதற்கு என்று இருந்திருக்கிறார். மறுபடி ஒரு வாரம் தூக்கு, இரண்டு படி கீழே இறங்கி மேலே ஏறினோம். இந்த முறை பத்தே நாள்தான் ஆனது. "நான் மயங்கி விழும் ஆள், படுக்க வைத்து எடுங்கள்" என்று மலாயில் சொல்வதை என் முன்னாலேயே ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தார். வெட்கப்படாமல் அதைச் சொல்லப் பழகியதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

விளைவு

எச்பிஏ1சி ஜூனில் 9.6, தீபாவளி முடிந்து நவம்பரில் எடுத்தபோது 8.1. டாக்டர் இன்னும் இறக்க வேண்டும் என்கிறார். இரவு இன்சுலின் அவர் கையாலேயே, மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் தவறுகிறது. ரத்தம் இன்னமும் படுத்துத்தான் கொடுக்கிறார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. தைப்பூசத்துக்கு இப்போதும் வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறார், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

எதிர்பாராத ஒன்று மகன் விஷயம். மே மாதம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனும் ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அடுத்த ஆண்டு படிவம் 3-ல் பள்ளியில் டெட்டனஸ் தடுப்பூசி போடுவார்கள் என்று தெரிந்ததும் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தூக்கு சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, அவர்.

இன்னொரு முறை என்றால்

ஊசிப் பயம் என்று யார் வந்தாலும் முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். எவ்வளவு பயம் என்று கேட்பதற்கு முன்னால், எப்போதாவது நிஜமாகவே விழுந்திருக்கிறீர்களா, விழுவதற்கு முன் உடம்பில் என்ன தெரியும், அப்பா அம்மாவில் யாராவது இப்படியா என்று கேட்கிறேன். விழுந்தவர் என்றால் மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் தொடக்கத்தில் கிடையாது. விழாதவர், வலிக்கோ ஊசி உடம்புக்குள் போவதற்கோ மட்டும் பயப்படுகிறவர் என்றால் பழைய முறையே நன்றாக வேலை செய்யும், அவருக்கு இறுக்கிப் பழக்கினால் ஊசி இன்னும் வலிக்கும்.

முதல் தடவை ஊசியோ காணொளியோ காட்டும்போது நாற்காலியில் உட்கார வைக்க மாட்டேன். படுக்கை, பக்கத்தில் அழுத்தம் பார்க்கும் கருவி, கூட ஓர் ஆள். அந்த நெற்றித் தழும்பு இன்னும் மறையவில்லை, பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் இருப்பவரை முதல் நாளே கூப்பிட்டுப் பேசுவேன். கொட்டாவியைப் பல வருஷமாக மகள் கவனித்து வைத்திருந்தாள், நான் மூன்று வாரம் அவளை வெளியே காக்க வைத்திருந்தேன்.

நன்றாகிவிட்டது என்று சந்திப்பை நிறுத்திய பிறகும் 3 மாதத்துக்கு ஒரு தடவை, ரத்தம் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டுத் தூக்கு போடுகிறாரா என்று கேட்கிறேன். படுக்க வைத்து எடுக்க வேண்டும் என்ற குறிப்பை அட்டையின் உள்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றி, சிவப்பு மையில், மலாயில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒட்டியவர் டிரஸர்.